ஒரு சொல்லுக்குத் தின்கிற நாய்

என் அப்பாவுக்கும் அவருடைய நாய்க்கும் ஒரே சாயங்காலத்தில் கால் ஒடிந்தது. வத்திராயிருப்பில் சர்க்கரை மாத்திரை வாங்கிக்கொண்டு கான்சாபுரத்துத் தோப்புக்கு மொபெட்டில் திரும்பிக்கொண்டிருந்தார் அப்பா. நாய் வழக்கம்போல் வண்டிக்கு இடப்பக்கமாக ஓடி வந்தது. பின்னால் வந்த டிப்பர் லாரி இருவரையும் சேர்த்து ஓரத்தில் தள்ளிவிட்டு நிற்காமல் போய்விட்டது. அப்பாவுக்கு இடது தொடை எலும்பு, இடுப்புக்குப் பக்கத்தில். நாய்க்கும் இடது தொடை எலும்புதான், பின்னங்காலில். மேலே பார்த்தால் நாய்க்கு ஒரு சிராய்ப்புகூட இல்லை. கால் மட்டும் தனியாகத் தொங்கியது.

நான் ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி கம்பெனி ஒன்றில் பேக்கிங் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். எந்தெந்த ஊர் ஆஸ்பத்திரிக்கோ கட்டுத்துணி கட்டி அனுப்புகிறவளுக்கு, தன் வீட்டு இரண்டு கால்களுக்கு என்ன செய்வதென்று அன்றைக்குத் தெரியவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அப்பாவை ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அம்மா உள்ளே உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். அப்பா என் கையைப் பிடித்து, நாயைக் கவனி என்றார். தன் காலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அப்பா பட்டாளத்தில் இருந்து வந்தவர். வீட்டில் யார் எங்கே நிற்க வேண்டும் என்பதை எப்போதும் அவரேதான் சொல்வார், படுத்த படுக்கையிலும்.

அந்த நாய்க்குப் பெயர் கிடையாது. பெயர் வைத்தால் தெருவில் போகிறவன் எல்லாம் கூப்பிடுவான் என்று அப்பா வைக்கவில்லை. வெள்ளை வெளேரென்று, மூக்கு மட்டும் இளஞ்சிவப்பாக, ராஜபாளையத்தில் தெலுங்கு பேசுகிற ஒரு வீட்டில் வாங்கியது. இந்தச் சாதி வெள்ளைக் குட்டிகளில் பலதுக்குக் காது கேட்காது. அந்த வீட்டுக்காரர் ஒவ்வொரு குட்டிக்குப் பின்னாலும் நின்று எவர்சில்வர் தட்டைத் தட்டிக் காட்டினாராம். முதலில் எது திரும்பிப் பார்த்ததோ அதைத் தூக்கிக்கொண்டு வந்தார் அப்பா. காவலுக்குக் காதுதான் முக்கியம் என்று அந்தக் கதையைப் பெருமையாகப் பல தடவை சொல்லியிருக்கிறார்.

இதற்கு முன்னால் தோப்பில் இருந்த நாயை விஷம் வைத்துக் கொன்றுவிட்டார்கள். கிணற்று மோட்டாருக்குப் போகிற காப்பர் வயரை அறுத்துப் போகிறவர்களுக்கு நாய்தான் முதல் தொந்தரவு. கறித்துண்டில் மருந்தைத் தடவி வேலிக்கு மேலாக எறிந்திருந்தார்கள். மறுநாள் நாயும் இல்லை, வயரும் இல்லை. அப்பா அதற்குப் பிறகு ஒரு மாதம் சரியாகச் சாப்பிடவில்லை என்று அம்மா சொன்னாள். அதனால்தான் இந்தக் குட்டியை வேறு மாதிரி வளர்த்தார். அவர் கையால் வைக்க வேண்டும், குந்தி உட்கார்ந்து அதன் காதுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோய் ஒரு சொல்லைச் சொல்ல வேண்டும், அப்போதுதான் தின்னும். அந்தச் சொல் என்னவென்று அம்மாவுக்குக்கூடத் தெரியாது. எத்தனை வருஷம் சேர்ந்து குடித்தனம் நடத்தினாலும் நாய்ச்சோற்றுக்குரிய சொல்லை மட்டும் அந்த மனிதர் வாயிலிருந்து வாங்க முடியவில்லை என்று அம்மா வந்தவர்களிடம் எல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

நாயை ஒரு சாக்கில் கிடத்தி, வாய்க்கு என் துப்பட்டாவைச் சுற்றிக் கட்டி, தெரிந்தவர் காரில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கொண்டுபோனேன். அங்கே நாய்களுக்கு எலும்பு ஆபரேஷன் செய்கிற ஒரு டாக்டர் இருந்தார். என்னைவிடச் சின்னப் பெண். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் மாட்டிக் காட்டினார். தொடை எலும்பு நடுவில் மூன்று துண்டாகிக் கிடந்தது. கூமாப்பட்டியில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டுகிறவர் இருக்கிறார், அங்கே கொண்டுபோ என்று காரில் வந்தவர் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். நானும் மாவுக்கட்டுப் போட்டால் ஆகாதா என்று கேட்டேன். இந்த எலும்புக்குக் கட்டு நிற்காது, இடுப்பு மூட்டு அசைகிற வரைக்கும் உள்ளே துண்டுகள் அசைந்துகொண்டே இருக்கும், கோணலாகச் சேரும் அல்லது சேராமலே போகும் என்றார் டாக்டர். எலும்புக்கு உள்ளே ஒரு கம்பி, வெளியே ஒரு தகடு, தகட்டைப் பிடிக்க ஸ்க்ரூக்கள். மதுரையில் அப்பாவுக்கும் ஏறக்குறைய அதையேதான் சொல்லியிருந்தார்கள்.

மறுநாள் காலையில் ஆபரேஷன். டாக்டருடைய ஆஸ்பத்திரிக்குப் பின்னால் பால்கோவா கிண்டுகிற இடம். சர்க்கரையும் பாலும் சுண்டுகிற வாடை ஜன்னல் வழியாக வந்துகொண்டே இருந்தது. கதவுக்குள்ளிருந்து டிரில் சத்தம் வந்தது. நிற்கும், செத்த நேரம் கழித்து மறுபடி ஆரம்பிக்கும். அது எலும்பில் துளை போடுகிற சத்தம் என்று தெரிந்தும் அந்த இனிப்பு வாடைக்கு எனக்கு வாயில் எச்சில் ஊறியது. என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது. வாசலுக்குப் போய் நின்றுகொண்டேன்.

முடிந்த பிறகு எடுத்த எக்ஸ்ரேயில் மூன்று துண்டும் ஒரே எலும்பாக நேராக நின்றது. ஓரத்தில் தகடு, வரிசையாக ஸ்க்ரூ. எவ்வளவு நேர்த்தி என்று நினைத்தேன். இனி எல்லாம் சரியாகிவிடும் என்று அம்மாவுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். ஆனால் எதுவும் சரியாகவில்லை. மயக்கம் தெளிந்த நாய் தண்ணீர் மட்டும் நக்கியது. சோற்றைத் திரும்பிப் பார்க்கவில்லை.

முதல் நாள் அப்படித்தான் இருக்கும் என்றார் டாக்டர். இரண்டாம் நாளும் தின்னவில்லை. பால்சோறு, கறிச்சோறு, அவித்த முட்டை, ஈரல் என்று ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தோம். நான் தின்னு என்றேன், சாப்பிடு என்றேன், இந்தா எடுத்துக்கோ என்றேன். தெலுங்கு வீட்டுக் குட்டி ஆயிற்றே என்று தினு என்றும் சொல்லிப் பார்த்தேன். அது என் முகத்தையும் தட்டையும் மாறி மாறிப் பார்க்கும், நாக்கிலிருந்து எச்சில் சொட்டும், தலையைத் திருப்பிக்கொள்ளும். அதற்குப் பசி இல்லாமல் இல்லை. ஊசி மூலம் எத்தனை நாளைக்கு ஓட்ட முடியும் என்று டாக்டருக்கே கவலை வந்துவிட்டது. வலி மாத்திரையை வெறும் வயிற்றில் கொடுத்தால் குடல் புண்ணாகும், கொடுக்காவிட்டால் காலை உதறும், உதறினால் தகடு பெயரும். மூக்கு வழியாகக் குழாய் போடலாம், ஆனால் இது பிய்த்து எறிந்துவிடும் என்றார். அதன் பக்கத்தில் போனாலே உதடு மேலே ஏறிப் பல் தெரிந்தது.

"அக்கா, எலும்பு என் பொறுப்பு. அதைச் சாப்பிட வைக்கிறது உங்க பொறுப்பு. சாப்பிடலன்னா நான் போட்ட தகடு சும்மா ஒரு இரும்புதான்" என்றார்.

அப்பாவுக்குச் சர்க்கரை ஏறிக் கிடந்ததால் மதுரையில் ஆபரேஷனைத் தள்ளிப் போட்டிருந்தார்கள். நான் அங்கே போன் பண்ணி, சொல்லைச் சொல்லுங்கள் என்றேன். அவர் மாட்டேன் என்றார். ஒரு வாயிலிருந்து வெளியே வந்தால் அப்புறம் அது ஊர்ச்சொத்து என்றார். பெற்ற மகளிடமே இந்தப் பேச்சு. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்து, அது உங்கள் பிடிவாதத்தால்தான் சாகப்போகிறது என்று கத்திவிட்டேன். பிறகு, போனை அதன் காதுப்பக்கம் வைத்துவிட்டு நீ வெளியே போ என்றார்.

நான் அப்படியே செய்தேன். ஸ்பீக்கரைப் போட்டுக் கூண்டின் மேல் வைத்துவிட்டு டாக்டரோடு வாசல்படிக்குப் போய் நின்றேன். அப்பா என்ன சொன்னாரோ தெரியாது. தட்டு தரையில் இழுபடுகிற சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் நாய் தட்டையே தின்றுவிடும்போல நக்கிக்கொண்டிருந்தது. டாக்டர் கைதட்டினார். எனக்கு அழுகை வந்தது.

அன்றைக்கு நடந்ததில் இன்னொன்றும் இருந்தது. எனக்கு அது பிறகுதான் உறைத்தது. அதுவரை அந்த நாய்க்கு மூன்று வேண்டும்: அப்பாவின் கை, அவர் பக்கத்தில் இருப்பது, அவர் சொல். அன்றைக்கு முதல் தடவையாகக் கையும் இல்லாமல், ஆளும் இல்லாமல், சொல் மட்டும் தூரத்திலிருந்து வந்தது. அது தின்றது. அதற்குப் பிறகு ஒவ்வொரு வேளையும் போனில்தான் சாப்பாடு நடந்தது.

அப்பாவை ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோக வேண்டிய காலையில் போன் வந்தது. பின்னால் ஸ்ட்ரெச்சர் சக்கரச் சத்தம் கேட்டது.

"ஏட்டி, நல்லாக் கேட்டுக்க. நான் திரும்பி வராமப் போனா அவன் தட்டு முன்னாலயே கிடந்து செத்துருவான். அந்தச் சொல்லு 'வேண்டாம்'. வேற ஒண்ணுமில்ல. வேண்டாம்."

எனக்குப் புரியவில்லை. வேண்டாமா என்று கேட்டேன். ஆமாம் என்றார். விஷம் வைக்கிறவன் நாயைப் பார்த்து இந்தா என்பான், தின்னு என்பான், கொஞ்சிக் கொஞ்சிக் கூப்பிடுவான். எவனாவது வேண்டாம் என்று சொல்வானா? உலகத்தில் எந்தத் திருடனுக்கும் அது வாயில் வராது என்றார். மயக்க ஊசிக்குப் போகிற நேரத்திலும் அந்தக் குரலில் ஒரு பெருமை இருந்தது. அவர் சொன்னது உண்மைதான். அம்புட்டு நாளும் நாங்கள் எல்லாரும் தின்னு தின்னு என்று கெஞ்சியது அந்த நாயின் காதில் என்னவாக விழுந்திருக்கும் என்று நினைத்தபோது சிரிப்பு வந்தது.

அப்பா பிழைத்துக்கொண்டார். ஆனால் மதுரையிலேயே பல நாள் இருக்க வேண்டியதாயிற்று. நான் கம்பெனியில் லீவு சொல்லி, வீட்டுக்காரரையும் பிள்ளைகளையும் மாமியாரிடம் விட்டுவிட்டு, நாயோடு கான்சாபுரம் தோப்பு வீட்டுக்குப் போனேன். மோட்டார் ரூமுக்குள் இரும்புக் கூண்டு போட்டு, வழுக்காமலிருக்கச் சாக்கு விரித்து, அதில் அதை அடைத்து வைத்தேன். வெளியே விடுகிறபோது வயிற்றுக்குக் கீழே துண்டைக் கொடுத்துப் பின்பாரத்தைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது, படி ஏறக் கூடாது. தட்டோடு நான் கிட்டே போனால் மட்டும் அது இன்னும் உறுமியது. அதனால் தட்டைக் கம்பிக்கு அடியில் தள்ளிவிட்டு, வாசலில் நின்று சொல்லைச் சொல்வேன். தின்னும்.

மேற்கே மலை மிகவும் பக்கம். மதியத்துக்கு மேல் அதன் நிழல் தோப்புக்குள் இறங்க ஆரம்பித்துவிடும். ஆள் இல்லாத தோப்பில் தேங்காய் விழுகிற சத்தம்கூட யாரோ குதித்த மாதிரி இருக்கும். மகாராஜபுரம் பக்கம் இரண்டு கிணறுகளில் வயரை அறுத்துவிட்டார்கள் என்று பால்காரர் சொல்லிவிட்டுப் போனார். கம்பிக்குள் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிற நாய்தான் எனக்குக் காவல்.

ஆனால் திருடனைவிட எனக்கு அந்தச் சொல்தான் பெரிய பயமாகிப் போனது. வேண்டாம் என்பது தமிழில் எத்தனை தடவை வருகிறது என்று அதற்கு முன்னால் நான் யோசித்ததில்லை. ஒருநாள் தையல் போட்ட இடத்தைத் துடைத்து, மருந்து பட்ட பஞ்சைக் கூண்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, கம்பெனியிலிருந்து வந்த போனில் பேசிக்கொண்டிருந்தேன். அந்தப் பெட்டிகளை இன்றைக்கு அனுப்ப வேண்டாம் என்று சொன்னேன். திரும்பிப் பார்த்தால் பஞ்சைக் காணோம். நாய் நாக்கைச் சுழற்றிக்கொண்டிருந்தது. டாக்டருக்குப் போன் பண்ணிச் சொன்னேன். பஞ்சு வெளியே வந்துவிடும், பயப்படாதீர்கள் என்றார். வந்தும்விட்டது. ஆனால் அன்றிலிருந்து நான் அந்த வார்த்தையை வாயிலிருந்தே எடுத்துவிட்டேன். போதும் என்பேன், அப்புறம் என்பேன், தலையை ஆட்டுவேன்.

நான் சொல்லாமல் இருந்துகொள்ளலாம், ஊரை எப்படித் தடுப்பது? ஸ்க்ரூ போட்ட நாயைப் பார்க்கக் கூமாப்பட்டியிலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள். காபி போடட்டுமா என்று கேட்டால் நம் ஆட்கள் முதலில் சொல்கிற வார்த்தை அதுதான், பிறகுதான் வாங்கிக் குடிப்பார்கள். அதனால் நான் யாரையும் காபி குடிக்கிறீர்களா என்று கேட்கவில்லை. தோப்பு வாசலிலேயே நிறுத்திப் பேசி அனுப்பினேன். பட்டாளத்தார் மகளுக்குக் கொழுப்பு, ஒரு வாய்த் தண்ணீர் தர மாட்டாள் என்று பெயர் வந்தது. காரணத்தைச் சொன்னால் சொல் வெளியே போய்விடும். வந்த பெயர் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

அப்பாவை அழைத்துவருவதற்கு முந்தின வாரம், விடிந்ததும் மோட்டார் ரூமைத் திறந்தபோது ஜன்னலுக்கு அடியில் ஒரு பொட்டலம் அவிழ்ந்து கிடந்தது. பிரியாணிச் சோறும் கறியும். ஜன்னல் கம்பி வழியாக எறிந்திருக்கிறார்கள். பாதி கூண்டுக்குள்ளேயே விழுந்திருந்தது. நாய் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தது. வாயிலிருந்து எச்சில் ஒழுகிச் சாக்கு நனைந்திருந்தது. ஒரு பருக்கைகூடத் தொடவில்லை. நான் வாயைக் கையால் பொத்திக்கொண்டேன். எங்கே பதற்றத்தில் அந்த வார்த்தையைச் சொல்லிவிடுவேனோ என்று பல்லைக் கடித்துக்கொண்டு, கம்பால் எல்லாவற்றையும் வெளியே தள்ளி வாரிக் குழியில் போட்டேன். ஜன்னலுக்கு வெளியே சிந்தியதைத் தின்ற காக்கை ஒன்று வாய்க்காலில் செத்துக் கிடந்தது.

போலீசில் சொன்னேன், வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அப்பாவிடம் சொன்னபோது அவர் பயப்படவில்லை. அது தொடவில்லை பார்த்தாயா, தொடவில்லை பார்த்தாயா என்று இரண்டு தடவை கேட்டார். பஞ்சு விஷயத்தையும் அப்போதே சொன்னேன். சொல்லை மாற்றிவிடலாம், இது ஆபத்து, தூரத்தில் நின்று சொன்னாலும் இப்போது தின்கிறது என்றேன். வீட்டுக்கு வந்தபிறகு மாற்றிக்கொள்ளலாம், கால் நன்றாகக் கூடட்டும், இப்போது அதைக் குழப்பக் கூடாது என்றார். அதுவும் நியாயமாகத்தான் பட்டது.

அப்பா வாக்கரோடு வந்து இறங்கினார். நாய் கூண்டுக்குள்ளிருந்து ஊளையிட்ட சத்தத்தில் டிரைவர் காரை விட்டு இறங்கவில்லை. அதற்குப் பிறகு அவர் நாற்காலியைக் கூண்டுக்கு எதிரில் போட்டு உட்கார்ந்துவிட்டார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே பகலை ஓட்டினார்கள். யார் முதலில் கால் ஊன்றுவது என்று போட்டியா என்று அம்மா கேட்டாள். அந்த நாட்கள் நல்ல நாட்கள். நான் ராஜபாளையத்துக்குத் திரும்பி வேலைக்குப் போக ஆரம்பித்தேன், லீவு நாட்களில் தோப்புக்கு வந்தேன். வந்ததும் முதல் வேலையாக வேலியோரம் முழுக்க நடந்து பார்ப்பேன். அம்மாவுக்கும் விஷயத்தைச் சொல்லிவிட்டதால் எங்கள் வீட்டில் யாரும் அந்த வார்த்தையைச் சொல்வதில்லை. சாப்பிடும்போது அம்மா இன்னொரு கரண்டி கொண்டுவந்தால் நாங்கள் போதும் என்போம். அப்பாவும் அப்படித்தான் பழகியிருந்தார்.

நாய்தான் ஜெயித்தது. முதலில் விரல் நுனியைத் தரையில் வைத்தது, பிறகு பாதம், பிறகு பாரம். அப்பாவுக்குச் சர்க்கரை காரணமாக எலும்பு மெதுவாகத்தான் கூடியது. இன்னும் இடது காலில் பாரம் கொடுக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். நான் நாயை ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கடைசி எக்ஸ்ரேக்குக் கொண்டுபோனேன். மூன்று துண்டுக்கு நடுவில் இருந்த கோடுகள் மறைந்துபோய்ப் புது எலும்பு வளர்ந்து மூடியிருந்தது. டாக்டர் அதைத் தன் போனில் படம் எடுத்துக்கொண்டார். தகடு அப்படியே இருக்கட்டும், ஒன்றும் செய்யாது என்றார்.

"இனி அவிழ்த்து விடுங்கக்கா. ஓடட்டும்" என்றார்.

திரும்பி வரும்போது நான் பால்கோவா வாங்கிக்கொண்டு வந்தேன். ஆபரேஷன் அன்றைக்கு ஊறிய எச்சிலுக்கு இன்றைக்குத் தின்று பழி தீர்க்கலாம் என்று.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் வேலியோரம் நடந்து பார்த்துவிட்டு வந்தேன். அப்பா வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் வாக்கர். நான்தான் கூண்டைத் திறந்தேன். நாய் முதலில் நம்பாமல் மெதுவாக வந்தது. அப்பாவின் முழங்காலில் மூக்கை வைத்தது. போடா என்று அவர் முதுகில் தட்டினார். அது ஓடியது. தென்னை வரிசைக்கு நடுவில் நேராக ஓடி, திரும்பி, மறுபடி ஓடியது. எந்தக் கால் ஒடிந்த கால் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அப்பா சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. நான் காபி போட உள்ளே போனேன்.

அடுப்பில் பால் பொங்குகிற நேரத்தில் அப்பாவின் சத்தம் கேட்டது.

"வேண்டாம்! வேண்டாம்டா!"

நான் வெளியே ஓடினேன். வேலிக்கு இந்தப் பக்கம் விழுந்து கிடந்த தென்னமட்டையை நாய் புரட்டியிருந்தது. அதன் வாய் அசைந்துகொண்டிருந்தது. அப்பா எழுந்திருக்கப் பார்த்து வாக்கர் ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமுமாக மண்ணில் கிடந்தார். கையை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தார். நாய் தின்று முடித்துவிட்டு, வாலை ஆட்டிக்கொண்டு அவரிடம் ஓடி வந்தது.

அப்புறம் கார், பின் சீட்டில் என் மடியில் அது. ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற வழியில் கிருஷ்ணன்கோவில் தாண்டுவதற்குள் இழுப்பு வந்து அடங்கிவிட்டது. கடைசியாக உதறியபோது அந்த இடது கால் என் விலாவில் பலமாக உதைத்தது. நல்ல பலம். காரைத் திருப்பச் சொன்னேன். டாக்டருக்குப் போனில் சொன்னபோது, கால் எப்படி இருந்தது, ஓடியதா என்று கேட்டார். ஓடியது என்றேன்.

தகட்டோடும் ஸ்க்ரூவோடும் கிணற்றுமேட்டில் புதைத்தோம். அது நாய்க்கு வைத்த விஷமா, காட்டுப்பன்றிக்கு வைத்ததா, யார் வைத்தது என்று இன்றுவரை தெரியாது. அப்பாவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டுபோய்க் குழிக்குப் பக்கத்தில் வைத்திருந்தோம். அவர் அழவில்லை. எல்லாரும் போன பிறகு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"அவன் தொடலட்டி. கறிமேல மூக்க வச்சுக்கிட்டு என்னயத் திரும்பிப் பாத்தான். திங்கவான்னு கேட்டான்."

நான் அவர் தலையை என்னோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

மத்தியானம் வெகுநேரம் கழித்து அம்மா அவருக்குச் சோறு போட்டாள். மாத்திரை போட வேண்டுமே என்று இரண்டு வாய் தின்றார். அம்மா இன்னொரு கரண்டியோடு வந்து குனிந்து, இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா என்று கேட்டாள். இனி அந்த வீட்டில் எந்த வார்த்தையையும் யார் வேண்டுமானாலும் சொல்லலாம். அப்பா வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். கையை விரித்துத் தட்டின் மேல் வைத்து மூடினார். அம்மா கரண்டியை எடுத்துக்கொண்டு போன பிறகும் அந்தக் கையை அவர் எடுக்கவில்லை.